அழுகைப் பதிவேட்டில் ஒரு பூஜ்யம்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாற்பத்து மூன்றாம் நாள் அவளுடைய அறைக்கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்து கிடந்தது. முதலாமாண்டு கணித மாணவியாகிய தாங்கள் இதுநாள்வரை ஒருமுறைகூட அழவில்லை என்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது. மூன்று நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கமளிக்கத் தவறினால் தங்களது பருவத் தேர்வு ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்படும் என்று அதில் இருந்தது. கீழே 'மிகுந்த அன்புடன்' என்று போட்டு, பொருந்துதல் மையத்தின் இயக்குநர் கையெழுத்திட்டிருந்தார்.

புது மாணவர்கள் பல்கலைக்கழக வாழ்க்கைக்குப் பொருந்திப்போக உதவுவதற்கென்று ஏற்பட்டது அந்த மையம். நூலகத்துக்கு ஒதுக்கியிருந்த மாடியில், நூலகத்துக்கு வாங்கிய நாற்காலிகளில் அது இயங்கியது. விடுதியில் ஒவ்வொரு தாழ்வாரத்திலும் குளியலறைக்குப் பக்கத்தில் ஆணியடித்து, கயிற்றில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அழுதவர்கள் முகம் கழுவுவதற்கு முன்னால் அதில் எழுத வேண்டும். தேதி, நேரம், எத்தனை நிமிடம், யார் பார்த்தது, காரண எண். காரணங்கள் மொத்தம் பதினொன்று. ஒன்று வீட்டு நினைவு, இரண்டு சாப்பாடு, ஆறு காதல், ஏழு காதல் இல்லாமை, பத்து காரணம் இல்லை, பதினொன்று இதர. கண்ணீர் கன்னத்தைத் தொட்டால் ஒன்று என்றும், கண்ணோரத்தோடு நின்றுவிட்டால் அரை என்றும் கணக்கு.

அவள் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் இல்லை. தினமும் பல் துலக்கப் போகும்போது அது தோளில் இடித்தது. அழுகிறவர்களுக்கானது என்று நினைத்துக் கடந்து போனாள், அவ்வளவுதான். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. முதல் நாள் வழி தெரியாமல் மூன்று கட்டடம் சுற்றினாள்; நான்காவதில் கேட்டாள், சொன்னார்கள். சாப்பாட்டில் உப்பு இருக்காது; உப்பு வாங்கி வைத்துக்கொண்டாள். கணித ஆசிரியை ஒரு தேற்றத்தை நிறுவும்போது சாக்பீஸ் கையோடு அப்படியே நின்று, வகுப்பையே மறந்து, தனக்குள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு தனக்கும் ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகவே இந்த இடத்தில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று இருந்தது.

மையத்தில் கிளார்க்கின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"வாம்மா வா. நீதானா அது?" என்றார் அவர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல. "ஆயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு பேரு சேர்ந்திருக்காங்க. எல்லாரும் மாஞ்சு மாஞ்சு அழறாங்க. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

"அத நீ சொல்லக் கூடாது. நாங்க சொல்லணும்." கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாரு. முதல் பருவத்துல ஒருத்தர் எத்தனை தடவை அழுதாரு, ரெண்டாம் பருவத்துல எத்தனை தடவை. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்து, அத முதல் பருவத்தால வகுத்து, சதவீதம் போடணும். அதான் எங்க சாதனை. உன் பேருக்கு நேரா என்ன வருது?"

திரையில் அவள் பெயருக்கு நேராக 'பிழை' என்று இருந்தது. அதற்குக் கீழே, மொத்தப் பல்கலைக்கழகத்தின் சராசரி வர வேண்டிய கட்டத்திலும் 'பிழை' என்றே இருந்தது.

"பூஜ்யத்தால வகுக்க முடியாது சார்," என்றாள் அவள். "அதான் அப்படி வருது."

"முடியாதுன்னு நீ ஈஸியா சொல்லிட்டுப் போயிடுவே. முடியும்னு நாங்க மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டோமே."

"ரெண்டாம் பருவம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார். அதுக்குள்ள அந்தக் கட்டத்துல எல்லாம் எண் போட்டிருக்கே?"

"அது இலக்கும்மா. முன்னாடியே போட்டு வெச்சிடுவோம். அதுக்கேத்த மாதிரி நீங்க அழுவீங்க."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பூஜ்யம் என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தது அவளுடைய அறைத்தோழி. அந்தத் தோழிக்கு ஏற்கெனவே குழாய் என்று ஒரு பெயர் இருந்தது. முதல் மாதத்தில் மட்டும் அறுபத்தொரு தடவை பதிந்தவள். போன வாரம் மேடையில் ஏற்றி அவளுக்கு ஒரு துண்டு போர்த்தி, 'வெளிப்படையான மாணவி' என்று கோப்பை கொடுத்திருந்தார்கள்.

"லூசாடி நீ?" என்றாள் குழாய். "எழுதிட்டுப் போறதுதானே. யாரு வந்து உன் கண்ணைத் தொட்டுப் பாக்கப் போறா?"

"அழாம எப்படிடி எழுதறது?"

"நான் எழுதினதெல்லாம் குளிச்சிட்டு வந்து மூஞ்சி ஈரமா நிக்கறப்ப எழுதினது. கையெழுத்து நல்லா வரும் பாரு அப்ப."

"அப்ப நிஜமா அழுதது?"

"நிஜமா அழுதது..." குழாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத எழுதவே இல்ல."

அவளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்ற பெரிய கொள்கை எதுவும் கிடையாது. ஆனால் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து என்று போடுவதை நினைத்தாலே, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டது போல உடம்பு சங்கடப்பட்டது. அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. இத்தனை நாள் தன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் தேடிப் பார்த்ததே இல்லை. பசி எடுத்தால் வயிறு சொல்லும்; அதுபோலத்தான் மனசும் என்று இருந்தாள். இப்போது கடிதம் வந்தபிறகு, பாடம் படிக்கும்போதும் படுக்கும்போதும், பைக்குள் கையை விட்டுச் சாவி தேடுகிறவள் மாதிரி உள்ளே துழாவிக்கொண்டே இருந்தாள். அம்மாவை நினைத்தால் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை முடித்து, சோடா உப்பு வாசனையோடு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, 'அப்புறம்?' என்றாள். அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒருவேளை நான் கல்நெஞ்சக்காரியோ என்ற சந்தேகம் அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது. அந்த அளவுக்கு மையம் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

அடுத்து அவளை ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஆலோசகர் குரலைத் தாழ்த்தியே பேசுகிறவர். எவ்வளவு தாழ்த்துவார் என்றால், அவர் சொல்வதைக் கேட்க மேசைமேல் பாதி படுக்க வேண்டும். மேசையில் காகிதக் கைக்குட்டைகள் நிறைந்த பெட்டி ஒன்று, ஒரு கைக்குட்டை பாதி உருவிய நிலையில், அவளைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

"உங்க மனசுல ஒரு கதவு பூட்டியிருக்கு," என்றார் ஆலோசகர்.

"அப்படி ஒண்ணும் தெரியல மேடம்."

"பூட்டியிருக்கறதாலதான் தெரியல."

படங்கள் காட்டினார். மழையில் நனைந்த நாய்க்குட்டி. புறப்பட்டுப் போகும் ரயில். உடைந்த பொம்மை. ஒவ்வொரு படத்துக்கும் கடிகாரத்தைப் பார்த்து, அவள் கண்ணைப் பார்த்து, குறித்துக்கொண்டார். ரயில் படத்தில் பெட்டிகள் எத்தனை என்று அவள் எண்ணினாள். அதையும் குறித்துக்கொண்டார்.

"சரி. கண்ணை மூடுங்க. உங்க வீட்ல யாரு யாரு இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான்."

"அவங்க இறந்துட்டதா நினைச்சுக்கங்க. மெதுவா. அவசரம் இல்ல, உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கு."

அவள் கண்ணைத் திறந்து, எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அது கீழே விழுந்தது. "உங்களுக்கு அம்மா இல்லையா மேடம்?" என்று கேட்டாள்.

ஆலோசகர் கொஞ்சமும் கலங்காமல், முகத்தில் ஒரு மலர்ச்சியோடு எழுதினார்: 'கோபம். அழுகைக்கு முந்தைய படி. நம்பிக்கை அளிக்கிறது.' பிறகு மூன்று நாள் அழுகைத் திறன் முகாமுக்குச் சிபாரிசு செய்தார்.

முகாம், கணித ஆசிரியையின் வகுப்பு நேரத்திலேயே நடந்தது. அவளையும் சேர்த்து ஏழு பேர்; மற்றவர்கள் ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டவர்கள். அதில் ஓட்டப்பந்தயக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கண்ணீர்ச் சுரப்பியில் ஏதோ கோளாறு. சிறுவயதிலிருந்தே கண்ணில் தண்ணீர் வராது. வருத்தம் உண்டு, ஈரம் இல்லை என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்திருந்தான். அதை ஏற்று, 'உலர் அழுகை' என்று அவனுக்காகத் தனிக் கட்டமே திறந்துவிட்டார்கள். முதல் நாள் மூச்சை இழுத்துப் பிடித்து விடும் பயிற்சி. இரண்டாம் நாள் உதடு கோணும் பயிற்சி. மூன்றாம் நாள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வது. அவள் சாய்ந்த தோள் ஓட்டப்பந்தயக்காரனுடையது.

"நீயும் சர்டிபிகேட் வாங்கிடேன்," என்று காதருகில் சொன்னான் அவன். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர்தான்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அதான் உன் பிரச்சினை," என்றான் அவன், உண்மையான அனுதாபத்தோடு.

நான்காம் நாள் கணித வகுப்புக்குப் போனபோது பலகையில் இருந்த எதுவும் அவளுக்குப் புரியவில்லை. மூன்று நாளில் வகுப்பு வெகுதூரம் போயிருந்தது. இரவல் நோட்டுகளை வைத்துக்கொண்டு துரத்திப் பிடிக்கப் பார்த்தாள். தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. எல்லாருடைய ஹால் டிக்கெட்டும் துறைப் பலகையில் குத்தியிருந்தது; அவளுடைய இடத்தில் வெறும் குண்டூசி. இந்தத் தேர்வைத் தவறவிட்டால் ஆண்டையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். முதலாமாண்டு என்றால் மறுபடியும் பொருந்துதல் மையம்.

அன்றைக்கே நோட்டில் ஐந்து என்று எழுதிவிடலாம் என்று தோன்றித் தாழ்வாரத்துக்குப் போனாள். ஆணி மட்டும் இருந்தது. முதல் பருவப் பதிவேடு முடிந்துவிட்டதாம். இனி விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும் என்றால், மையத்தின் குழு முன்னால், பெற்றோரோடு வந்து, வாய்மொழியாகச் சொல்ல வேண்டுமாம். அம்மாவுக்குத் தந்தியடிக்கிற மாதிரி இரண்டு வரிக் குறுஞ்செய்தி மையமே அனுப்பிவிட்டிருந்தது: 'தங்கள் மகள் அழவில்லை. உடனே வரவும்.'

அம்மா ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வேலைக்குப் போடும் ரப்பர் செருப்போடு வந்து இறங்கினாள். "என்னடி பண்ணித் தொலைச்சே?" என்பதுதான் முதல் கேள்வி.

"ஒண்ணும் பண்ணலம்மா. அதான் பிரச்சினை."

"அழலேன்னு கூப்பிட்டுவிட்டாங்களே. அழுதுட்டு இருந்தா கூப்பிடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன்."

குழு என்பது இயக்குநர், ஆலோசகர், கிளார்க் மூவரும்தான். இயக்குநர் உயரமாக, வெள்ளையாக நரைத்து, தன் குரலைத் தானே ரசிக்கிறவராக இருந்தார். அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று பேசினார். கேட்க எட்டுக் காதுகள்தான் என்றாலும் அரங்கம் நிறைந்திருப்பது போலப் பேசினார்.

"அம்மா, நான் இந்த மையத்தை ஆரம்பிச்சப்ப இந்தப் பல்கலைக்கழகத்துல ஒருத்தர் அழுததாகூடப் பதிவு கிடையாது. பசங்க வந்தாங்க, படிச்சாங்க, போனாங்க. யாருக்கு என்ன கஷ்டம்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கு வருஷத்துக்கு ஒன்பதாயிரம் அழுகை! இது சும்மா வந்ததா? ராத்திரி பகலா உழைச்சு நாங்க கொண்டுவந்தது. அடுத்த வருஷம் பன்னெண்டாயிரத்தைத் தொடுவோம். பிற பல்கலைக்கழகங்கள்லேருந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. அப்படி ஒரு நேரத்துல உங்க பொண்ணு மட்டும் சந்தோஷமா இருக்கேன்னு சொன்னா, அதுல என்ன நியாயம்? கஷ்டப்படற மத்த பசங்களைப் பத்தி அவங்க யோசிக்க வேண்டாமா? எங்களைப் பத்தி யோசிக்க வேண்டாமா? மாணவர்கள் கஷ்டப்படலேன்னா நாங்க யாருக்கு உதவி பண்றது?"

ஆலோசகர் தலையை ஆட்டினார். கிளார்க் பேனா மூடியைத் திறந்தார்.

"சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு கடைசியா எப்ப அழுதாங்க?"

அம்மா யோசித்தாள். "எட்டாவது படிக்கறப்ப கதவுல விரல் நசுங்கிச்சு சார். அப்ப."

"அது செல்லாது," என்றார் கிளார்க். "இங்க வந்து அழுதிருக்கணும்."

"அவ அழமாட்டா சார். அவ வளர்ந்தவிதம் அப்படி. அதுக்காகப் பரீட்சை எழுத விடமாட்டீங்களா? நல்லாப் படிக்கிற பொண்ணு சார்." அம்மா மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் நகரவில்லை என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் மேஸ்திரியிடம் ஷிப்ட் மாற்றக் கேட்கிறவள் மாதிரி குரலை இறக்கினாள். "அழுகைதானே சார் வேணும்? அவ அழல. நான் அழுதேன். அத வெச்சுக்கங்களேன்."

அறையில் ஓர் உற்சாகம் பிறந்தது. கிளார்க் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பதினாலு இ. நெருங்கிய ரத்த உறவினர் அழுதது, மாணவரைப் பற்றியதாக இருக்கும் பட்சத்தில், மாணவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இருக்கு சார்!"

"எத்தனை தடவைம்மா?" என்றார் இயக்குநர், முன்னால் சாய்ந்து.

"எண்ணலையே சார்."

"தோராயமா. முதல் தடவை எப்ப?"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவளை இங்க கொண்டுவந்து விட்டுட்டுத் திரும்பின ஞாயித்துக்கிழமை. போர்வை துவைச்சுக் காயப்போட்டிருந்தேன். மடிக்கணும். ஆஸ்பத்திரியில நாள் பூரா மடிக்கறேன், அங்க எதிர்ல ஒருத்தி நிப்பா. வீட்ல இவதான் அந்த முனையைப் பிடிப்பா. ஒரு முனையை நான் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். நீட்டிக்கிட்டு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் அந்த முனையைக் கதவுத் தாழ்ப்பாள்ல செருகி..."

"போர்வை," என்றார் கிளார்க் எழுதிக்கொண்டே. "காரணம் எத்தனைன்னு போடறது சார்? வீட்டு நினைவு வராது, இவங்க வீட்லதானே இருந்தாங்க."

"இதரன்னு போடுங்க," என்றார் இயக்குநர்.

"எத்தனை நிமிஷம்மா? கண்ணீர் கன்னத்துக்கு வந்ததா, ஓரத்தோட நின்னுடுச்சா?"

மகளுக்கு இது எதுவும் தெரியாது. வாரம் ஒருமுறை போனில் பேசும்போது அம்மா, 'எனக்கென்ன, ஜாலியா இருக்கேன், தொல்லை விட்டுச்சு' என்றுதான் சொல்லியிருந்தாள். இவ்வளவு நாள் தனக்குள் துழாவித் துழாவிக் கிடைக்காத ஏதோ ஒன்று இப்போது நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு ஏறி வந்தது. இந்த அறையில் மட்டும் வரக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை ஆலோசகர் அம்மா பக்கம் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். கிளார்க்கின் பேனா 'இதர' என்று எழுதி, நிமிடக் கட்டத்தின் மேல் காத்து நின்றது.

"சார்," என்றாள் அவள். "அத அடிங்க. நான் அழுதேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அஞ்சு தடவை. வெக்கமா இருந்துச்சு, சொல்லல. முதல் தடவை வந்த மூணாம் நாளு. எங்க நாய்க்குட்டி ஞாபகம் வந்துடுச்சு. வெள்ளையா இருக்கும், ஒரு காது மட்டும் கறுப்பு. நான் இல்லாம சாப்பிடவே சாப்பிடாது. அத நினைச்சுக் குளியலறையில உக்காந்து முக்கால் மணி நேரம்."

"கன்னத்துக்கு வந்துச்சா?"

"கழுத்து வரைக்கும் சார்."

கிளார்க் அம்மாவின் வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு மளமளவென்று எழுதினார். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது, சாப்பாட்டில் உப்பில்லை என்று. மூன்றாவது, ஓட்டப்பந்தயக்காரன் மேல் காதல் என்று. காரண எண் ஆறு, அவன் ஏற்கவில்லை என்பதால் ஏழும் என்று அவளே சொன்னாள். நான்காவது, எதிர்காலம். ஐந்தாவதைக் காரணம் இல்லாமல் அழுததாகச் சொல்லி, சொல்லும்போது உதட்டைக் கோணினாள், முகாமில் இரண்டாம் நாள் சொல்லிக்கொடுத்தபடியே. கண்கள் கடைசிவரை காய்ந்தே இருந்தன.

"இதுக்குத்தான்," என்றார் இயக்குநர். "இதுக்குத்தான் இந்த மையம். இந்தப் பொண்ணு இன்னிக்கு வாயைத் திறந்திருக்கு. உண்மையைப் பேசியிருக்கு." அவருடைய கண் கலங்கியது. அது ஊழியர் பதிவேட்டில் சேருமா என்று கிளார்க் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். சேரும் என்று தெரிந்ததும் அரை என்று போட்டுக்கொண்டார்.

"அஞ்சு," என்றார் பிறகு, திரையைத் தட்டி. "பிழை போயிடுச்சு சார்! சராசரி வந்துடுச்சு. அடுத்த பருவத்துல இது ஒண்ணாக் குறையணும்மா. எண்பது சதவீதம்."

"குறைச்சிடறேன் சார்."

ஹால் டிக்கெட்டில் முத்திரை விழுந்தது. கூடவே தடித்த காகிதத்தில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி. கழுத்து வரைக்கும் அழுதியா?"

"பொய்ம்மா."

"எது?"

"எல்லாமும்தான். நாம எப்பம்மா நாய் வளத்தோம்?"

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "வீட்ல ஒரு சின்னப் பொய் சொல்லணும்னாக்கூடக் காது ரெண்டும் சிவந்துடும் உனக்கு," என்றாள். "இப்பப் பாத்தேன். சிவக்கவே இல்ல."

அவள் அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு சான்றிதழைப் பிரித்தாள். 'இம்மாணவி இப்பல்கலைக்கழகத்தின் சூழலுக்கு முழுமையாகப் பொருந்திவிட்டார் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று அச்சிட்டிருந்தது. விடையைச் சரிபார்க்கிறவள் மாதிரி மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை படித்தாள். அவளுக்குத் தெரிந்தவரை அதில் பிழை எதுவும் இல்லை.